வானம் பார்த்த கூட்டம்

வணக்கம் ஐயா,

நான் வாணியம்பாடியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அந்தச் சூட்டோடு சூடாக, ஊரில் ஒரு வானியல் கழகம் தொடங்கலாம் என்று வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். ஒரே வாரத்தில் 140 பேர் சேர்ந்துவிட்டார்கள். நேரில் கூடலாம் என்று கூப்பிட்டால் எட்டுப் பேர்தான் வருகிறார்கள். ஒருமுறை ஐந்து பேர். குழுவிலோ நாசா படங்களும், 'இன்றிரவு செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும்' என்ற வருடாந்திர வதந்தியும்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இப்போது தோல் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவர், பொத்தானை அழுத்தினால் தானே கோளைத் தேடிப் பிடிக்கும் பெரிய தொலைநோக்கி ஒன்றை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கழகத்துக்குத் தன் அப்பாவின் பெயரை வைக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. எங்களில் பாதிப் பேர் வாங்கிவிடலாம் என்கிறார்கள். என் கணவரோ, 'காவலூர் வானாய்வகம் இங்கே பக்கத்திலேயே இருக்கும்போது உங்களுக்கு எதற்கு இந்த வேலை?' என்கிறார். உங்கள் ஊரில் இப்படியொரு கழகத்தில் பல வருடம் இருந்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். வாங்கலாமா? இந்த மாதிரிக் கழகத்தால் யாருக்காவது உண்மையில் பயன் உண்டா?

ர.,
வாணியம்பாடி

அன்புள்ள ர.,

எட்டுப் பேர்தான் என்று நீங்கள் குறைபட்டுக்கொள்வதைப் படித்துச் சிரிப்பு வந்தது. எங்கள் கழகத்தின் பொற்காலத்திலேயே ஒன்பது பேர்தான் இருந்தோம். அதில் ஒருவர் டீ வாங்கி வருவதற்காகவே வருகிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் எங்களில் நன்றாகக் கண்ணாடி தேய்க்கக் கற்றவர் அவர்தான். 140 பேரை மறந்துவிடுங்கள். அவர்கள் வாட்ஸப்பிலேயே சௌக்கியமாக இருக்கட்டும்.

தொலைநோக்கிக்கு வருகிறேன். எங்களுக்கும் அப்படியொரு கொடை வந்தது. கணினி பொருத்தியது, முக்காலி மட்டுமே ஒரு ஆள் தூக்க வேண்டிய கனம். திறப்பு விழாவெல்லாம் தடபுடலாக நடந்தது. அதற்கப்புறம் ஒரு விசித்திரம். கூட்டங்களில் வானத்தைப் பற்றிய பேச்சே நின்றுபோய், சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற பேச்சு ஆரம்பித்தது. பிள்ளைகள் தொட்டால் என்ன ஆகும், மழை வந்தால் யார் பொறுப்பு, பேட்டரிக்கு யார் காசு. அதை இயக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் இரும்பு பீரோவுக்குள் அது போனது. இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தால் முன்பக்கக் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை படர்ந்திருந்தது. நான்கு வருடத்தில் அந்தத் தொலைநோக்கி வழியாக வானம் பார்த்தவர்கள் இருநூறு பேர்கூட இருக்கமாட்டார்கள்.

நாங்கள் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதற்குப் பிறகுதான் நடந்தது. சொந்தமாக ஒரு தொலைநோக்கி செய்ய ஆறு அங்குலக் கண்ணாடி வட்டுகள் இரண்டு வாங்கினோம். ஒரு லேத் பட்டறையின் பின்புறம் காலி டிரம் ஒன்றை மணல் நிரப்பி நிறுத்தி, ஒரு வட்டை அதன்மேல் அசையாமல் பொருத்தினோம். அதன்மேல் கார்போரண்டம் தூளும் தண்ணீரும். மேலே இன்னொரு வட்டு. அதை முன்னும் பின்னும் தள்ளியபடி, ஒருவர் டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும், செக்குமாடு மாதிரி. அவ்வளவுதான் வித்தை. மேலே இருக்கும் கண்ணாடி தானாகக் குழியும், கீழே இருப்பது புடைக்கும். குழிந்ததுதான் தொலைநோக்கியின் ஆடி. ஆரம்பத்தில் அம்மியில் தேய்ப்பது போல் கரகரவென்று சத்தம் வரும். தூள் நைய நையச் சத்தமும் நைந்துபோகும். காதை வைத்தே எப்போது புதுத் தூள் போட வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

நாலடி குவியத் தூரமுள்ள ஆறு அங்குல ஆடிக்கு நடுவில் எவ்வளவு ஆழம் வேண்டும் தெரியுமா? 1.2 மில்லிமீட்டர். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் கடைசி மெருகில், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கை ஒட்டிய அளவுக்கு அந்த வளைவு பிசகாமல் இருக்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கு ஒரு சவர பிளேடும் சின்ன விளக்கும் போதும். பிரான்ஸின் ஃபூக்கோ கண்டுபிடித்த வழி அது. பிளேடின் விளிம்பால் ஒளியை மறைத்துக்கொண்டு பார்த்தால் ஆடியின் பரப்பு மலையும் பள்ளமுமாகத் தெரியும். எங்கள் டீக்காரர் ஒரு நாள் விளையாட்டாகப் பெருவிரலை ஆடியில் பத்து விநாடி வைத்து எடுத்தார். விரல் வைத்த இடம் உப்பி ஒரு மேடாக நின்றது. விரல் சூட்டுக்குக் கண்ணாடி அவ்வளவு வீங்கியிருக்கிறது! ஆறிய பிறகு மேடு மெல்லக் கரைந்து போனதை நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்து பார்த்தோம். பள்ளியில் வெப்ப விரிவு பாடம் நடத்துகிறவர் நீங்கள். இதைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வழியில் ஒரு விபத்தும் நடந்தது. கடைசிக்கு முந்தின தூளில் இருந்தபோது, பழைய முரட்டுத் தூள் கழுவிய அதே பக்கெட் தண்ணீரில் யாரோ வட்டைக் கழுவிவிட்டார்கள். ஒரே ஒரு துகள். குறுக்கே ஒரு கீறல். மூன்று வார வேலை போச்சு, திரும்பவும் முரட்டுத் தூளிலிருந்து. அந்த 'யாரோ' நான்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

ஆடிக்கு அலுமினியப் பூச்சு மட்டும் வெளியூரில் போட்டு வாங்கினோம். குழாய், பெட்டி, தாங்கி எல்லாம் ஒட்டுப்பலகையில் உள்ளூர் தச்சர் செய்தது. அந்தத் தாங்கிக்கு டாப்சன் வகை என்று பெயர். ஜான் டாப்சன் அமெரிக்காவில் 23 வருடம் இராமகிருஷ்ண மடத்துத் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்து, மடத்திலிருந்து இரவில் நழுவிப்போய் அக்கம்பக்கத்தாருக்கு நிலாவைக் காட்டிக்கொண்டிருப்பார். 1967-இல் மடம் அவரை வெளியே அனுப்பிவிட்டது. அடுத்த வருடமே சான் பிரான்சிஸ்கோவில் நடைபாதை வானியலாளர்கள் என்ற குழுவை நண்பர்களோடு ஆரம்பித்துவிட்டார். போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதுதான் அந்தக் குழுவின் ஒரே வேலை. மடம் நல்ல துறவியை இழந்ததா என்று எனக்குத் தெரியாது. வானியல் கழகங்களுக்கு அது பெரிய லாபம்.

நாங்களும் பேருந்து நிலையத்துக்கு வெளியே, பழக்கடைகள் முடிகிற இடத்தில் நிறுத்தினோம். கையால் தள்ளும் தொலைநோக்கியில் ஒரு சங்கடம் உண்டு. நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், இரண்டு நிமிடத்துக்குள் கோள் பார்வைக்கு வெளியே நழுவிவிடும். ஒரு ஆள் பக்கத்திலேயே நின்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். 'எங்கே சார் ஓடுது அது?' என்று வரிசையில் யாராவது கேட்பார்கள். 'அது ஓடவில்லை, நாமதான் சுத்துறோம்' என்போம். பூமி சுழல்வதைப் புத்தகத்தில் படித்தவர்கள் முதல்முறையாக அதன் வேகத்தைக் கண்ணால் பார்ப்பது அப்போதுதான். பொத்தான் தொலைநோக்கி இந்த ஓட்டத்தைத் தானே சரிசெய்து மறைத்துவிடுகிறது. அதன்மேல் எனக்கு இருக்கும் பெரிய புகார் இதுதான்.

2017 ஜூலை என்று நினைவு. சனியின் வளையம் நன்றாக விரிந்திருந்த வருடம். பூ விற்கும் பாட்டி ஒருவர் வரிசையில் நின்றார். முறை வந்ததும், 'செருப்பைக் கழட்டணுமா தம்பி?' என்றார். வேண்டாம் பாட்டி என்று சொல்லியும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் கண்ணை வைத்தார். நீண்ட நேரம் பேச்சே இல்லை. நான் இரண்டு முறை குழாயைத் தள்ளிக் கொடுத்தேன். நிமிர்ந்து, 'ஏழரை வருசம் என்னைப் படுத்தி எடுத்தவன் இவ்வளவுதானா?' என்றார். வரிசை மொத்தமும் சிரித்தது. அடுத்த சனிக்கிழமையும் அவர் எள் விளக்கு ஏற்றியிருப்பார், எனக்குச் சந்தேகமில்லை. ஏற்றட்டும். வரிசையில் நிற்பவரிடம் சோதிடத்தை எதிர்த்துப் பட்டிமன்றம் நடத்தக் கூடாது என்பது என் கட்சி. கழகத்தில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ளவில்லை, இன்றுவரை சண்டைதான்.

இதில் ஒரு எச்சரிக்கை. 2025 மார்ச்சில் வளையம் நமக்கு நேர் விளிம்பாகத் திரும்பியது. அதன் பிறகு ஒன்றிரண்டு வருடங்களுக்கு அது மெலிந்த கோடாகத்தான் இருக்கும், நெல்லிக்காயில் ஈர்க்குச்சி குத்தினாற்போல. 2032 வரை வருடா வருடம் விரியும். முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஏமாந்துபோவார்கள்.

தொலைநோக்கியே வேண்டாத வேலையும் உண்டு. ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களில், நண்பகலில் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கும் நிழலில்லா நாள் வருகிறதே, அதைப் பள்ளிகளோடு சேர்ந்து செய்யுங்கள். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி வரும். உங்கள் ஊருக்கு ஓரிரு நாள் முன்பின். எங்கள் பக்கம் ஒரு பள்ளியில், நண்பகலுக்கு அரைமணி முன்னாலேயே நிழல் போய்விட்டது என்று தொலைபேசியில் சொன்னார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வாய் அகலம், அடி குறுகல். நிழல் சரிவுக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. நேரான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வையுங்கள். நேரமும் 12 மணி அல்ல, நம் பக்கத்தில் அதற்குப் பதினைந்து நிமிடம்போலப் பிந்தும்.

சரி, காவலூர். உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை ஆலங்காயம் வழியாகப் போய்வாருங்கள், பொதுமக்கள் பார்க்கலாம். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய இடம். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தபோது, கோள் வந்து சேர்வதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி குறைந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த இரவில் காவலூருக்கும் பங்கு உண்டு. இப்போது அங்கே இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியும் நம் நாட்டிலேயே தேய்த்ததுதான்.

ஆனால் அங்கே இரவுகளை விண்ணப்பம் போட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரே நட்சத்திரத்தை முப்பது வருடம் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பெரிய தொலைநோக்கிக்கும் நேரமில்லை. அது நம்மைப் போன்றவர்களுக்கு விட்டுவைத்த வேலை. ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பார்த்துக் குறித்து அனுப்புவதற்கென்றே அமெரிக்காவில் 1911-இல் ஒரு சங்கம் தொடங்கி, உலகம் முழுக்க இருக்கும் அமெச்சூர்களிடமிருந்து கணக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும், ஒளியின் அளவு ஏற்கெனவே தெரிந்த இரண்டு நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, நடுவே எங்கே நிற்கிறது என்று மதிப்பிட வேண்டும். கண் இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

உங்களுக்கு எந்த நட்சத்திரம் என்றுகூட யோசித்துவிட்டேன். ஆர் ரெட்டிகுலி. 1867-இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி கண்டுபிடித்தது. பஞ்சாங்கம் கண்ணால் காண்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடியவர் அவர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்னவென்று சாதாரண மக்களுக்குப் புரியவைக்கப் பல மொழிகளில் எழுதி வெளியிட்டவர். அந்த நட்சத்திரம் ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். உச்சத்தில் சாதாரண பைனாகுலரே போதும், இறங்கும்போது ஆறு அங்குலத்துக்கும் எட்டாது. ஐரோப்பாவிலிருந்து பார்க்கவே முடியாத அளவு தெற்கே இருப்பது. தை மாதம் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு அகத்தியர் நட்சத்திரத்துக்குத் தென்மேற்கே தேடுங்கள். உங்கள் ஊரில் தொடுவானத்திலிருந்து 14 பாகை உயரம், கையை நீட்டினால் ஒன்றரை முஷ்டி. ஏலகிரி மறைக்குமோ என்று பயப்பட வேண்டாம், மலை அதில் பாதிக்குக்கூட ஏறாது.

பயன் என்ன என்று கேட்டீர்கள். எங்களிடம் மிஞ்சியிருப்பது கோடு போட்ட 200 பக்க நோட்டுகள் ஆறு. நட்சத்திரத்தின் ஒளி, தேதி, நேரம், டீச் செலவு எல்லாம் ஒரே பக்கத்தில். 'மேகம். வந்தவர்கள் 2' என்று மட்டும் எழுதிய நாட்கள் நிறைய. அந்த இரண்டு பேர் யாரென்று கையெழுத்தைப் பார்த்தே சொல்வேன். மேகமான நாளிலும் யாராவது வந்து ஒரு வரி எழுதும்வரை கழகம் இருந்தது, வரி நின்ற வருடம் கழகமும் நின்றுவிட்டது. ஆகவே பெயர் வைப்பதற்கு முன்னால் நோட்டு வாங்குங்கள்.

முதலாளியைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தொலைநோக்கி வேண்டாம், ஆறு அங்குல வட்டு இரண்டு, தூள் ஒரு செட், நன்றாகக் கழுவிய காலி டிரம் ஒன்று போதும் என்று சொல்லிப் பாருங்கள். தோல் தொழிற்சாலையில் டிரம்முக்கா பஞ்சம்? அப்பா பெயரைத் தாராளமாக டிரம்மில் எழுதிக்கொள்ளட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் எப்படியும் மூடித்தான் இருக்கும், தேய்ப்பதற்கு அதுதான் காலம். நாள் குறித்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். பக்கெட் மட்டும் இரண்டு வேண்டும்.