கேட்டலாக் ஒரு நாடு, கரன்ட் வேறு நாடு: பழைய மாடல் ரயில் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. கேட்டலாக்கில் ஒன்று போட்டிருக்கிறது, கைக்கு வந்த பெட்டியில் வேறொன்று இருக்கிறது. அப்படி முரண்பட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் (வீட்டுக் கரன்ட்டை ரயிலுக்கு ஏற்றபடி இறக்கும் பெட்டி) அடியில் இருக்கும் தகட்டை நம்புங்கள்.

கே: ஜெர்மன் மாடல் ரயில் நிறுவனம் மெர்க்லினின் ஒரே ஆண்டு கேட்டலாக் இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்றில் விலை இருக்கிறது, மற்றதில் இல்லை. எது அசல்?

இரண்டும் அசலாக இருக்கலாம். மெர்க்லின் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு என்று மொழிவாரியாகப் பதிப்பு போட்டது. விலை டாய்ச் மார்க்கில் இருந்தால் உள்நாட்டுப் பதிப்பு. வெளிநாட்டுக்குப் போனதில் அந்த ஊர்ப் பணத்தில் விலை இருக்கும், இல்லையென்றால் விலையே இல்லாமல் தனித்தாளாகச் செருகித் தந்திருப்பார்கள். அந்தத் தாள்தான் முதலில் தொலையும், அதனால் தாளோடு கிடைத்தால் விடாதீர்கள்.

படங்களை விட்டுவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தைப் பாருங்கள், எந்த நாட்டுக்கு அச்சடித்தது என்று அதிலேயே பிடித்துவிடலாம். 1950களில் ஐரோப்பா முழுக்க ஒரே வோல்டேஜ் கிடையாது. பிரான்ஸ், நெதர்லாந்து, இத்தாலி, ஸ்பெயினில் 110 முதல் 127 வோல்ட் வரை ஓடிய வீடுகள் ஏராளம், ஜெர்மனியில் பெரும்பாலும் 220, பிரிட்டனில் 240 பக்கம். வெளியே ஒரே நீல டப்பா, உள்ளே வேறு வேறு கம்பிச் சுற்று. படத்தைப் பார்த்து வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கே: அமெரிக்காவிலிருந்து வந்த லயனல் இசட்-டபிள்யூ (ZW) ரயில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 230 வோல்ட் வீட்டில் ஓட்ட, வோல்ட்டை இறக்கும் ஸ்டெப்-டவுன் போட்டால் போதுமா?

போதும், ஆனால் எந்த ஸ்டெப்-டவுன் என்பதில்தான் விஷயம். ஹேர் டிரையருக்கு என்று விற்கும் கையடக்க எலக்ட்ரானிக் கன்வர்ட்டர் வேண்டவே வேண்டாம். அது அலையை வெட்டித் தருவது, ஹீட்டருக்குச் சரி, டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆகாது. இரும்புக் கோர் வைத்த கனமான ஸ்டெப்-டவுன் வேண்டும், முடிந்தால் ஐசொலேட்டிங் வகை (உள்வரும் சுற்றும் வெளிவரும் சுற்றும் ஒட்டாமல் தனித்தனியாக இருப்பது). இசட்-டபிள்யூ மேல் 275 வாட் என்று இருக்கும். அது உள்ளே இழுக்கும் அளவு, தண்டவாளத்துக்கு வருவது அதைவிடக் குறைவு. ஸ்டெப்-டவுன் 500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) எடுத்துவிட்டால் கவலையில்லை.

அப்புறம் பலர் கவனிக்காத ஒன்று, ஹெர்ட்ஸ், அதாவது ஏசி நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது; பழைய தகடுகளில் அதுவே சைக்கிள். லயனல் தகட்டில் 115 வோல்ட், 60 சைக்கிள் என்று இருக்கும். அதை 50-ல் ஓட்டினால் கோரில் காந்தப் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கோர் நிறைந்துபோய், வண்டி ஓடாமல் சும்மா இருக்கும்போதே உறுமும், சுடும். வழி சுலபம். 115-ஐ 60-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்குங்கள், சுமார் 96 வருகிறது. ஆகவே 230-ஐ 110 அல்ல, 100 வோல்ட்டாக இறக்கும் ஸ்டெப்-டவுன் வாங்குங்கள். ஜப்பான் சாமான்களுக்கு என்று விற்பது அதுதான். உச்ச வேகத்தில் வோல்ட் கொஞ்சம் குறையும். வரவேற்பறையில் 20 வோல்ட்டில் லயனல் ஓட்டுகிறவர் யார்?

தகட்டில் 25 சைக்கிள் என்று இருந்தால் பயப்படாதீர்கள். கனடாவின் தெற்கு ஒன்டாரியோ மாதிரி இடங்களில் 1950கள் வரை 25 ஹெர்ட்ஸ் இருந்தது, அவர்களுக்காகத் தடித்த கோரோடு கட்டியவை அவை. 50-ல் நிம்மதியாக ஓடும், வோல்ட் மட்டும் தகட்டில் உள்ளதுதான்.

கே: பழைய மெர்க்லின் என்ஜினை அமெரிக்க ஏசி டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுகிறேன். முன்னால் போகிறது, பின்னால் வரவே மாட்டேன் என்கிறது. திசை மாற்றும் ரிலே போய்விட்டதா?

ரிலே நன்றாகத்தான் இருக்கும். லயனல் என்ஜினில் கரன்ட்டைத் துண்டித்துத் துண்டித்துக் கொடுத்தால் முன், நிற்பு, பின், நிற்பு என்று மாறும். மெர்க்லினில் 16 வோல்ட்டுக்குள் ஓட்டம், 24 வோல்ட் ஒரு தட்டு தட்டினால்தான் திசை மாறும். அந்தத் தட்டு உங்கள் அமெரிக்கப் பெட்டியில் இல்லை. மெர்க்லின் டிரான்ஸ்ஃபார்மரே வாங்கிவிடுங்கள்.

கே: 220 வோல்ட் நீல மெர்க்லின் டிரான்ஸ்ஃபார்மரை இன்றைய மின்சாரத்தில் போடலாமா?

பழைய என்ஜினுக்கு, வயர் நல்ல நிலையில் இருந்தால் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் 240 வந்தால் எல்லாமே 9 சதவீதம் ஏறும், 24 வோல்ட் தட்டு 26-ஐத் தாண்டும். பழைய ரிலே சுருள் அதைத் தாங்கும். டிஜிட்டல் டிகோடர் (கட்டளையைப் படிக்கும் எலக்ட்ரானிக் சில்லு) உள்ள புதிய என்ஜினைத் தயவுசெய்து அதில் வைக்காதீர்கள், ஒரே திசைமாற்றத்தில் டிகோடர் காலி. வயர் உறை விரல் பட்டாலே பொடியாக உதிர்ந்தால் யோசிக்க எதுவும் இல்லை, அலமாரியில் அழகுக்கு வையுங்கள்.

கே: ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பத்தவில்லை. இரண்டை ஒரே தண்டவாளத்தில் சேர்க்கலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: சேர்க்காதீர்கள். ஏசி டிரான்ஸ்ஃபார்மர் இரு பக்கமும் வேலை செய்யும். முதல் டிரான்ஸ்ஃபார்மர் தண்டவாளத்துக்கு 16 வோல்ட் தருகிறது. இரண்டாவதன் வெளியீடும் அதே தண்டவாளத்தில் இருக்கிறது. இரண்டாவதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். இப்போது தண்டவாளத்தின் 16 வோல்ட் அதற்குள் பின்பக்கமாக நுழைந்து, கையில் தொங்கும் அந்த பிளக்கின் ஊசிகளில் 220 வோல்ட்டாக நிற்கும். பிடுங்கியாச்சு, இனி என்ன என்று நினைத்துத் தொடுகிற குழந்தைக்கு ஷாக்.

பெரிய லேஅவுட்டில் தண்டவாளத்தை இன்சுலேட் செய்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் கொடுங்கள். அங்கேயும் ஃபேஸ், அதாவது இரண்டின் அலையும் ஒன்றாக ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டின் பொது முனைகளை இணைத்து, மற்ற இரு முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். இரண்டும் 16-ல் இருக்கும்போது பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சரி. 32 காட்டினால் ஒரு பிளக்கைத் திருப்பிச் செருகுங்கள். பிறகு பெயின்ட்டால் பிளக்கிலும் சாக்கெட்டிலும் புள்ளி வைத்துவிடுங்கள், அடுத்த முறை யாரும் மாற்றிச் செருகாமல் இருக்க.

கே: பிரிட்டனின் ஹார்ன்பி டப்ளோ ரயில் கேட்டலாக்கில் ஒரே மாதிரி இரண்டு என்ஜின், நம்பர் மட்டும் வேறு. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. டப்ளோ 1938-ல் மூன்று தண்டவாளத்தோடு வந்தது, 12 வோல்ட் டிசி. 1959-ல் இரண்டு தண்டவாளம் வந்ததும் கொஞ்ச காலம் இரண்டையும் சேர்த்தே விற்றார்கள். 2235 பார்ன்ஸ்டபிள் இரண்டு தண்டவாளத்துக்கு, 3235 டார்செஸ்டர் மூன்றுக்கு. அந்தக் காலத்து என்ஜின் நம்பரின் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கே: பழைய பிரிட்டிஷ் கன்ட்ரோலரைப் போட்டதும் அழுகிய நாற்றம் அடிக்கிறது, வண்டியும் நகரவில்லை.

உடனே நிறுத்தி ஜன்னலைத் திறங்கள். அது ஏசியை டிசியாக்கும் செலினியம் ரெக்டிஃபையர் சாகும் நாற்றம், அந்தப் புகை விஷம். அதற்குப் பதில் சிலிக்கான் பிரிட்ஜ் மாற்றினால் கன்ட்ரோலர் பிழைக்கும், ஆனால் சிலிக்கானில் இழப்பு குறைவு என்பதால் வெளியே முன்பைவிடச் சில வோல்ட் கூடுதலாக வரும், மாற்றியபின் அளந்துவிட்டு ஓட்டுங்கள். உள்ளே கை வைக்கத் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். மெட்டல் பெட்டியில் எர்த் இல்லை என்றால் அதையும் போடச் சொல்லுங்கள்.

கே: ட்ரிக்ஸ் எக்ஸ்பிரஸும் மெர்க்லினும் ஜெர்மனி, இரண்டும் மூன்று தண்டவாளம், இரண்டும் 1935. கலந்து ஓட்டலாமா?

முடியாது. மெர்க்லினில் வெளித் தண்டவாளங்கள் இரண்டும் ஒரே மின் முனை. ட்ரிக்ஸில் மூன்றும் தனித்தனி இன்சுலேஷன், நடுவில் இருப்பது பொது, அதனால் ஒரே பாதையில் இரண்டு வண்டியைத் தனித்தனியாக ஓட்ட முடிந்தது. அருமையான யோசனை, மெர்க்லின் புகழில் அது அமுங்கிப்போனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். ட்ரிக்ஸ் முதலில் 14 வோல்ட் ஏசி, 1950களின் முற்பகுதியில் டிசிக்கு மாறியது. ஆகவே ட்ரிக்ஸ் வாங்கும்போது கேட்டலாக்கின் ஆண்டு முக்கியம்.

கே: ஜப்பான் ‘என்’ (N) கேஜ் பவர் பேக், 100 வோல்ட். பக்கத்தில் பிரிட்டிஷ் பெட்டிகளையும் வைத்தால் அளவு ஒத்துப்போகுமா?

பவர் பேக்கிற்கு 100 வோல்ட் ஸ்டெப்-டவுன் போதும். ஜப்பானிலேயே கிழக்கே 50, மேற்கே 60 ஹெர்ட்ஸ் என்பதால் அநேகமாகத் தகட்டில் 50/60 என்றே இருக்கும். தண்டவாளம் எல்லோருக்கும் 9 மில்லிமீட்டர். உடல் அளவுதான் வேறு: ஜப்பான் 1:150, பிரிட்டன் 1:148, ஐரோப்பாவும் அமெரிக்காவும் 1:160. ஷின்கான்சென் மட்டும் ஜப்பானிலும் 1:160. பிரிட்டனும் ஜப்பானும் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஜெர்மன் பெட்டியைக் கோத்தால் தெரியும்.