புல்தைலம், கிராம்புத் தைலம்: வாசகர் கேள்விகள்

(கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் அப்பாவுக்குப் பிறகு நாட்டு மருந்துக்கடையை நடத்திவரும் பெண்மணி, தைலங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

அக்கா, எங்கள் பாட்டி மூட்டுவலிக்குப் புல்தைலம் தேய்ப்பார். இப்போது என் மகள் "லெமன்கிராஸ் எசென்ஷியல் ஆயில்" என்று ஒரு சின்னக் குப்பி வாங்கியிருக்கிறாள். வாசனை ஒன்றுபோலவே இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி, மார்த்தாண்டம்

ஒன்றேதான். குப்பியும் விலையும்தான் வேறு. இன்று ரப்பர் நிற்கும் நம் மேடுகளில் பலவற்றில் முன்பு இந்தப் புல் நின்றது. எலுமிச்சைப்புல், இஞ்சிப்புல் என்று எந்தப் பெயர் சொன்னாலும் நம் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். அறுத்த புல்லைச் சற்று வாடவிட்டு, அடியில் தண்ணீர் ஊற்றிய பெரிய அண்டாவில் திணித்து, மூடியைச் சுற்றி ஆவி கசியாமல் மண் பூசித் தீ மூட்டுவார்கள். ஆவி குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் போய் மீண்டும் நீராகச் சொட்டும். அந்த நீரின் மேல் மஞ்சளாக ஏடு போல் மிதப்பதுதான் புல்தைலம். நூறு கிலோ புல் வெந்தால் அரைக் கிலோ கிடைப்பதே பெரிய காரியம். அப்பா காலத்தில் மலையிலிருந்து இது தகர டின்களில் எங்கள் கடைக்கு வரும். டின்னைத் திறந்தால் தெருமுனை வரை மணக்கும்.

கொச்சித் துறைமுகத்தில் கப்பல் ஏறியதால் வெளிநாட்டு வியாபாரிகள் இதைக் "கொச்சின் எண்ணெய்" என்றே அழைத்தார்கள். கேரளத்தில் பெரும்பாவூர் பக்கம் ஓடக்காலியில் 1951இல் இந்தப் புல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அத்தனை மதிப்புக்கும் காரணம் சிட்ரால் என்ற பொருள். எண்ணெயில் 70 முதல் 80 சதவீதம் வரை அதுதான். சோப்புக்கு மணம் தருவதும் அதுவே. வைட்டமின் ஏ தயாரிப்பதற்கும் அது மூலப்பொருளாக இருந்திருக்கிறது.

பாட்டி தேய்த்தது தனித் தைலமாக இருந்திருக்காது. எங்கள் கடையில் தேங்காய் எண்ணெயில் கலந்துதான் கொடுப்போம். மகளிடமும் சொல்லுங்கள்: ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு மூன்று சொட்டு போதும். அப்படியே தேய்த்தால் தோல் எரிந்து சிவக்கும். தரை துடைக்கும் தண்ணீரில் சில சொட்டு விட்டால் ஈ அண்டாது. என்னைக் கேட்டால், அந்தக் குப்பிக்கு மிகப் பொருத்தமான வேலை அதுதான்.

பல்வலிக்குக் கிராம்புத் தைலத்தை நேராக வைக்கலாமா? நம் மாவட்டக் கிராம்பு உசத்தி என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், குளச்சல்

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அதில்தான் எனக்கு ஆசை. கிராம்பின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். டச்சுக்காரர்கள் அதை வேறு யாரும் வளர்த்துவிடாதபடி கட்டிக் காத்தார்கள். 1770 வாக்கில் பிரெஞ்சுக்காரரான பியர் புவாவ்ர் கன்றுகளைக் கடத்திப் போய் மொரீசியஸில் நட்ட பிறகுதான் அந்தக் கட்டு உடைந்தது. இந்தியாவுக்கு அது வந்தது 1800ஐ ஒட்டி. கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் போட்ட வாசனைப் பயிர்த் தோட்டத்தில்தான் முதல் நடவு. அங்கிருந்து 1850க்குப் பிறகு தென்திருவிதாங்கூர் மலைகளுக்கு ஏறியது. இன்று மாறாமலை, கரும்பாறை, வேளிமலை என்று நம் மலைகளில் நிற்கும் மரங்களுக்கு அந்த வரலாறு உண்டு. கன்னியாகுமரிக் கிராம்பு புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதுதான் அதன் பெருமை.

இந்தச் சத்தை நீங்களே பார்க்கலாம். மொட்டு விரிவதற்கு முன், சிவப்பு ஏறும் பக்குவத்தில், கையால் பறித்துக் காயவைத்த சரக்குதான் நல்ல கிராம்பு. அதன் தண்டில் நகத்தை அழுத்தினால் எண்ணெய் கசியும். ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டால் மூழ்கும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். ஏற்கெனவே எண்ணெய் வடித்துவிட்டு விற்கும் சக்கை, படுத்துக்கொண்டு மிதக்கும். சந்தேகப்படும் வாடிக்கையாளருக்குக் கடை மேசையிலேயே இதைச் செய்து காட்டுவேன். தைலத்துக்கும் ஒரு வேடிக்கை உண்டு. புல்தைலம் தண்ணீரின் மேல் மிதக்கும் என்றேன் அல்லவா? கிராம்புத் தைலம் தண்ணீரை விடக் கனமானது, முத்து முத்தாக அடியில் போய் உட்காரும்.

இனி பல். கிராம்புத் தைலத்தில் பெரும்பகுதி யூஜினால். நரம்பை மரக்கச் செய்வது அதுதான். பல் மருத்துவர்கள் அதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைப்பதும் உண்டு. வீட்டில், பஞ்சில் ஒரே சொட்டு எடுத்துச் சொத்தைப் பல்லில் மட்டும் படும்படி வையுங்கள். ஈறில் பட்டால் புண்ணாகும். விழுங்கக் கூடாது, குழந்தைகள் குடித்தால் கல்லீரலே கெட்டுப்போகும். வலி மறையும், சொத்தை அப்படியே இருக்கும். மறுநாள் மருத்துவரைப் பாருங்கள்.

தோவாளையில் பிச்சியும் மல்லியும் விலை விழும் நாட்களில் கொட்டிக் கிடக்கின்றன. புல்தைலம் போல வீட்டிலேயே வடிக்க முடியுமா அக்கா?
– பூ வியாபாரி, தோவாளை

முடியாது தம்பி. ரோஜா கொதியைத் தாங்கும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செம்பு அண்டாவில் இட்டு அத்தர் வடிக்கிறார்கள். மல்லிகையின் மணம் கொதிக்கும் தண்ணீரில் செத்துவிடும். பறித்த பிறகும் மொட்டு மூச்சுவிட்டு மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால், வடநாட்டில் பழைய ஆட்கள் வேறு வழி பிடித்தார்கள். தோல் நீக்கிய எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவை மாற்றிக்கொண்டே போய், மணம் ஏறிய எள்ளைச் செக்கில் ஆட்டினார்கள். இன்று சத்தியமங்கலம், கோயம்புத்தூர் பக்கம் தொழிற்சாலைகளில் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற பொருளாக எடுக்கிறார்கள். ஆயிரம் கிலோ பூவுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ தேறும். ஹெக்சேன் பெட்ரோல் போலத் தீப்பிடிப்பது, அதை வீட்டில் தொட வேண்டாம். எள் வழியைச் செய்து பாருங்கள், காசு வராவிட்டாலும் வீட்டுப் பெண்களின் தலை மணக்கும்.

காயத்திருமேனி எண்ணெயும் இந்த வகைதானா?
– வாசகர், தக்கலை

இல்லை. அது நம் வர்ம ஆசான்கள் மூலிகைகளை எண்ணெயில் இட்டுக் காய்ச்சுவது. அடிபட்டது, சுளுக்கியது, எலும்பு நொந்தது எல்லாவற்றுக்கும் இந்த மாவட்டத்தில் அதுதான் கைமருந்து. உள்ளங்கை நிறைய எடுத்துத் தடவலாம். வடித்த தைலத்தை அப்படி எடுத்தால் தாங்காது.

இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் உண்டு, குழித்தைலம். கீழ்ப்பானையைக் குழியில் புதைத்து, அடியில் துளையிட்ட பானையில் சரக்கை நிரப்பி அதன்மேல் வைத்து, வாய்க்குச் சீலைமண் செய்து (மண் பூசிய துணியால் சுற்றி மூடி), சுற்றிலும் வறட்டி அடுக்கி எரிப்பார்கள். சூட்டில் இளகும் எண்ணெய் கீழே சொட்டும். சேராங்கொட்டைத் தைலம் அப்படி இறக்குவதுதான். கைதேர்ந்த சித்த வைத்தியர் இல்லாமல் அதன் பக்கமே போகாதீர்கள். சேராங்கொட்டைப் பால் பட்ட தோல் கொப்பளித்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, கருங்கல்

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருங்கள். சுத்தமான புல்தைலமோ யூகலிப்டஸோ பெரும்பாலும் பறந்துவிடும். வடை வைத்த காகிதம் மாதிரி கறை நின்றால், சமையல் எண்ணெய் கலந்திருக்கிறது. மண்ணெண்ணெய் கலப்புக்கு மூக்குதான் சாட்சி.

சளிக்கு யூகலிப்டஸ் தைலத்தைச் சர்க்கரையில் விட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாம், அது சித்தர் காலத்து முறை என்கிறார் மாமியார். சரியா?
– வாசகி, நாகர்கோவில்

மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: அந்த மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 1843இல்தான் நீலகிரிக்கு வந்தது. சித்தர்கள் அதைப் பார்த்திருக்க வழியில்லை. குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது, கொஞ்சம் போனாலும் வலிப்பு வரலாம். மூக்கிலும் நெஞ்சிலும் நேராகத் தடவவும் வேண்டாம். தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன குடித்தது, எவ்வளவு குடித்தது என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்.