திட்ட ஆளில்லாத ஆட்டம்

அன்புள்ள ஐயா,

2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக்ஸ் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீங்கள் எழுதிய பழைய கட்டுரையை இப்போதுதான் வாசித்தேன். இந்தியா பிரிட்டன் ஹாக்கி கால் இறுதிக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அதே நாள் முடிந்த கோல்ஃப் இறுதிச் சுற்றில் ஸ்பெயினின் ஜான் ராம் தங்கத்தைக் கைவிட்டு அமெரிக்காவின் ஸ்காட்டி ஷெஃப்ளர் வென்றதற்கு ஒரே வரி: ‘ராம் தூங்கிவிட்டார், ஷெஃப்ளர் எடுத்துக்கொண்டு போனார்.’ என் மகன் இங்கே சிங்கப்பூரில் மெரினா பே திடலில்தான் கோல்ஃப் பழகினான். அந்த வருஷம் ஜூன் மாதத்தோடு அதை மூடிவிட்டார்கள். எங்களுக்கு கோல்ஃப் பணக்காரர் விளையாட்டு இல்லை. இந்தியா பத்துப் பேரோடு ஆடித் தப்பித்தது நாடகம் என்றால், நான்கு ஸ்ட்ரோக், அதாவது நான்கு அடி, முன்னால் இருந்த ஒரு மனிதர் தனியாக நின்று சரிந்தது நாடகம் இல்லையா? அப்புறம், ஒரு இந்திய வீரரை வெளியேற்றிய அந்தச் சிவப்பு அட்டை நியாயமா இல்லையா என்று இவ்வளவு எழுதியும் நீங்கள் சொல்லவே இல்லை.

கே., ஈசூன்

அன்புள்ள கே.,

ஒரே வரி என்பது உண்மை. அந்த ஒரு வரியும் தப்பு. ராம் தூங்கவில்லை, தூங்கியது நான். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு சோபாவில் சாய்ந்தேன், கண் அசந்துவிட்டது, விழித்துப் பார்த்தால் ஸ்காட்டி ஷெஃப்ளர் மேடையில் தேசிய கீதத்துக்கு அழுதுகொண்டிருந்தார். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமலேயே மறுநாள் காலை எழுதிப் போட்டுவிட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகு உட்கார்ந்து அந்தச் சுற்றை முழுசாகப் பார்த்தேன். சரி, ஒப்புக்கொள்கிறேன், நாடகம்தான்.

முதலில் அட்டை. நான் அந்த ஆட்டத்தைப் பார்த்தது தேக்காவில், சாயங்காலம் நாலு மணிக்கு, பஃபலோ சாலைப் பக்கம் ஒரு கோப்பிக்கடையில். ஞாயிற்றுக்கிழமை அங்கே எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மிளகாய் சாஸ் பாட்டிலில் சாய்த்து வைத்த ஒரு கைப்பேசியைச் சுற்றி ஆறேழு ஊழியர்கள், நான் ஓரத்தில் ஒரு தே ஓவுடன் (பாலில்லாத தேநீர்). 17ஆவது நிமிஷம், இந்தியாவின் அமித் ரோஹிதாஸ் பந்தை எடுத்துக்கொண்டு ஒருவரைத் தாண்டும்போது அவர் மட்டை மேலே எழும்பி பிரிட்டனின் கால்னன் முகத்தில் பட்டது. திடலில் இருந்த நடுவர் அதைப் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை, வீடியோ பார்த்த பிறகு சிவப்பு. மேசையே எழுந்து நின்று கத்தியது. அந்த நடுவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள். நானும்தான் கத்தினேன், என் பங்குக்கு இரண்டு வார்த்தை, அதை இங்கே எழுத முடியாது.

என் தீர்ப்பு கேட்டீர்கள் இல்லையா, சொல்கிறேன். பல தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். வேண்டுமென்று அடித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஆனால் பந்து கீழே கிடக்கும்போது மட்டைக்கு முகத்தின் உயரத்தில் என்ன வேலை? மஞ்சள் அட்டை காட்டிப் பத்து நிமிஷம் உட்கார வைத்திருக்கலாம். சிவப்பு அதிகம். அதோடு ஒரு ஆட்டத் தடை என்பது அதைவிட அதிகம்.

அந்தத் தடையைப் பற்றி முதலில் யோசித்தது அந்த மேசையில் ஒரே ஒரு ஆள். கோவில்பட்டிப் பக்கத்துத் தம்பி, பள்ளிக்கூட நாளில் ஹாக்கி ஆடியவன். அந்த ஊர் மண்ணில் பையன்கள் கிரிக்கெட் மட்டைக்கு முன்னால் ஹாக்கி மட்டையைப் பிடிப்பார்கள். எல்லோரும் நடுவரைத் திட்டிக்கொண்டிருக்க அவன் மட்டும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். “இன்னிக்கு எப்படியும் இழுத்துருவாங்கண்ணே. அடுத்த மேட்ச்ல கார்னருக்கு யாரு ஓடுவா?” என்றான். எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் விளக்கினான்: எதிரணிக்குப் பெனால்ட்டி கார்னர், அதாவது கோல் அடிக்கத் தனியாகத் தரப்படும் வாய்ப்பு, கிடைத்தால் கோல் கோட்டிலிருந்து பந்தை நோக்கி நேராகப் பாய்கிறவர் ரோஹிதாஸ். முழங்காலுக்குக் கவசம், முகத்துக்கு ஒரு மூடி, அவ்வளவுதான் பாதுகாப்பு. எதிரே டிராக் ஃபிளிக் அடிக்கிறவர் இழுத்து விடும் பந்து மேலே பட்டால் எலும்பு பேசும். அதற்கென்றே ஒரு தைரியம் வேண்டும், அது பயிற்சியில் வருவதில்லை என்றான்.

அவன் சொன்ன மாதிரியே இழுத்துவிட்டார்கள். 22ஆவது நிமிஷம் இந்தியாவின் ஹர்மன்பிரீத் கார்னரில் கோல், 27இல் பிரிட்டனின் லீ மோர்ட்டன் சமன். மீதி நேரமெல்லாம் பத்துப் பேர், 43 நிமிஷம், கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் பின்னால் நின்று கத்திக்கொண்டே இருந்தார். சமனிலேயே முடிந்ததால் வந்த ஷூட் அவுட்டில் பிரிட்டனின் வில்லியம்சன் மேலே தூக்கி அடித்தார், ரோப்பரை ஸ்ரீஜேஷ் தடுத்தார், ராஜ்குமார் பால் நாலாவது கோலைப் போட்டு 4-2 என்று முடித்தார். சாஸ் பாட்டில் கவிழ்ந்தது. யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள், யார் என்று இன்றுவரை தெரியாது.

(இங்கே பிறந்து வளர்ந்த நான் இந்தியாவுக்கு ஏன் கத்தினேன் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஐயா, 1956 மெல்பர்னில் சிங்கப்பூரும் ஒலிம்பிக் ஹாக்கி ஆடியது, இந்தியாவிடம் 6-0 என்று தோற்றது. அடுத்த தடவை நாம் ஆடும்போது நிச்சயம் மாறிக் கத்துகிறேன்.)

மேல்முறையீடு செய்தும் தடை நீங்கவில்லை. ஜெர்மனியோடு அரையிறுதி, நமக்குப் புதன் விடியாத ஒரு மணி. ஜெர்மனியின் முதல் கோல் கார்னரில்தான் வந்தது. அடித்தவர் பெய்யா, 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் அர்ஜென்டினாவுக்காகத் தங்கம் வாங்கிவிட்டுப் பிறகு ஜெர்மனிக்கு ஆட வந்தவர். 54ஆவது நிமிஷம் மில்ட்காவ் அடித்ததில் ஆட்டம் 3-2 என்று ஜெர்மனிக்குப் போனது. ரோஹிதாஸ் இருந்திருந்தால் தடுத்திருப்பாரா, யாருக்குத் தெரியும். ஆனால் படுக்கையில் கிடந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. திட்டுவதற்கு ஒரு நடுவர் இருந்தார். இரண்டு நாள் பழைய கோபத்தை எடுத்து மறுபடியும் திட்டிவிட்டுத் தூங்கினேன். வியாழக்கிழமை ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வந்ததும் அதையும் மறந்துவிட்டேன்.

உங்கள் ஆட்டத்தில் எனக்கு இடிப்பதே இதுதான். ஜான் ராம் 14 குறைவில் (குழிகளுக்கு வைத்த கணக்கைவிட 14 அடி குறைவாக) ஆரம்பித்து பத்துக் குழி முடியும்போது 20 குறைவுக்குப் போய்விட்டார், நாலு ஸ்ட்ரோக் முன்னிலை. தங்கத்துக்கு நூல் கட்டியாயிற்று என்றுதான் யாரும் நினைப்பார்கள். 11ஆம் குழியில் ஒரு அடி போனது, 12இல் ஒன்று போனது. 14ஆம் குழி, ஐந்தில் முடிக்க வேண்டியது, ஏழு ஆயிற்று. முன்னால் போய்க்கொண்டிருந்த ஷெஃப்ளரோ கடைசி ஒன்பது குழிகளை 29இல் முடித்து, அன்றைக்கு மொத்தம் 62 என்று கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். பின்னால் வந்த ஃப்ளீட்வுட் 17இல் ஒன்றை விட்டு வெள்ளி, மாட்சுயாமா வெண்கலம். ராமுக்கு ஐந்தாவது இடம். யாரும் தள்ளவில்லை, அட்டை காட்டவில்லை. பந்து அசையாமல் கிடக்கிறது, அதற்கு எதிராளியே இல்லை. அவர் மட்டையை அவரே பார்க்கிறார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது பெரிய கஷ்டம் கே., ரசிகனுக்குத் திட்ட ஆள் வேண்டும்.

1968 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அர்ஜென்டினாவின் ரோபெர்த்தோ டி விசென்ஸோ, அன்று அவருக்கு 45ஆவது பிறந்தநாள். 17ஆம் குழியை மூன்றில் முடித்தார். கூட ஆடிய டாமி ஆரன் ஸ்கோர் அட்டையில் நாலு என்று எழுதிவிட்டார். விசென்ஸோ சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்டால் அதுதான் கணக்கு, 65 அடித்தவருக்கு 66. அந்த ஒன்று இல்லையென்றால் பாப் கோல்பியோடு சமன், மறுநாள் பிளே-ஆஃப் ஆடியிருப்பார். இதிலும் பாருங்கள், எழுதினவர் இன்னொருவர், ஆனால் கையெழுத்து அவருடையது, வாயைத் திறக்க முடியாது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று ஞாபகம் வந்தது, என் வாதத்தையே கெடுக்கிற ஞாபகம். என் அப்பா இருபத்து மூன்று வருஷம் இங்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் புல் பார்த்தார். பள்ளி விடுமுறையில் சில நாள் என்னையும் விடியற்காலை கூட்டிக்கொண்டு போவார். கைப்பிடி வைத்த இரும்புக் குழாய் மாதிரி ஒரு கருவி, அதைக் குழி இருக்கும் பச்சைப் புல்தரையில் அழுத்தி இப்படியும் அப்படியும் திருகி இழுத்தால் புல்லும் மண்ணும் உருளையாக வெளியே வரும். நாலேகால் அங்குலக் குழி. அந்த உருளையைக் கொண்டுபோய் நேற்றைய குழிக்குள் இறக்கி, பூட்ஸ் காலால் மிதித்து, வாளியில் இருக்கும் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளிப்பார். தினமும் குழிக்கு இடம் மாறும். சரிவின் ஓரமாக வெட்டிவிட்டு, “இன்னிக்கு நாலு பேராவது அழுவானுங்கடா” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

மத்தியானம் வேலை முடிந்து ஆள்கள் சாப்பிட உட்காரும் கொட்டகை பதினெட்டாம் குழிக்குப் பின்னால் இருந்தது. கால் அங்குலத்தில் பந்து விலகிப்போன ஒரு உறுப்பினர் மட்டையைத் தரையில் போட்டுவிட்டு, இந்த ஓட்டையை எந்த மடையன் இங்கே கொண்டுவந்து வெட்டினான் என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. அப்பா சாப்பாட்டுத் தூக்கின் மூடியைத் திறந்துகொண்டே கையை லேசாக உயர்த்தினார், வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் உயர்த்துகிற மாதிரி.