பரங்கிக்காயின் காம்பைப் பாருங்கள்

கேள்வி: இலையுதிர் காலத்தில் இரவு உணவுக்குச் சூடாகப் பரங்கிக்காய் சூப் வைக்கலாம் என்று இரண்டு முழுக் காய்கள் வாங்கினேன். ஒன்று தண்ணீராக, சப்பென்று இருந்தது. இன்னொன்று பத்தே நாளில் அழுகிவிட்டது. நல்ல காயை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் காம்பைப் பாருங்கள். முற்றிய காயின் காம்பு காய்ந்து, தக்கை போலச் சொரசொரப்பாக இருக்கும். காம்பு பச்சையாக, ஈரப்பசையோடு இருந்தால் முற்றுவதற்கு முன்பே பறித்துவிட்டார்கள் என்று அர்த்தம். கொடியில் முற்ற முற்றத்தான் காயில் மாவுச்சத்து சேரும். பறித்துவைத்த பிறகு அதுதான் மெல்லச் சர்க்கரையாக மாறும். பிஞ்சாகப் பறித்த காயை எத்தனை நாள் வைத்திருந்தாலும் அந்த இனிப்பு வராது. உங்கள் சூப் சப்பென்று போனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அப்புறம் தோலில் நகத்தை அழுத்திப் பாருங்கள், இறங்கக் கூடாது. ஒரே அளவில் இரண்டு காய்கள் இருந்தால் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள்.

அழுகிய காயில் காம்பு இருந்ததா? காம்பு ஒடிந்த இடம் திறந்த புண் மாதிரி. பூஞ்சை அந்த வழியாக உள்ளே போய்விடும். அதனால் காம்பைப் பிடித்துக் காயைத் தூக்கவே தூக்காதீர்கள். காம்போடு, கீறல் இல்லாத காயை 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை உள்ள, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதம்கூடத் தாங்கும். வெட்டிவிட்டால் கதை வேறு. முதலில் கெடுவது விதையும் நாரும் உள்ள நடுப்பகுதிதான். அதை வழித்தெடுத்துவிட்டு, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நான்கைந்து நாளில் சமைத்துவிடுங்கள். வீட்டில் இரண்டே பேர் என்றால் வெட்டிய துண்டு வாங்குவதே நல்லது. உள்ளே நிறம் எப்படி, சதை எவ்வளவு கெட்டி என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பரங்கிக்காய் கசந்தால் உப்பு, காரம் சேர்த்துச் சரிக்கட்டப் பார்க்க வேண்டாம். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் வேகவைத்தாலும் போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வைத்த சூப்பாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் கட்டியாகவே இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை, குளிர்தான் காரணம். வெப்பநிலை சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் பச்சைக் கிழங்கு உள்ளுக்குள் பாதிக்கப்படும். பிறகு நடுப்பகுதி வேகாது. கழுவாமல், மண்ணை மட்டும் தட்டிவிட்டு, கூடையில் வெளியிலேயே வையுங்கள். வேகவைத்த கிழங்கைத் தாராளமாக உள்ளே வைக்கலாம்.

நேரம் இருந்தால் சிறு தீயில் மெதுவாகச் சுட்டுப் பாருங்கள். கிழங்கிலேயே உள்ள நொதி, கிழங்கு மெல்லச் சூடேறும்போதுதான் மாவுச்சத்தை நன்றாகச் சர்க்கரையாக்கும். தோல் வெடித்து, பாகு கசிந்து, ஓரம் கருகி வரும் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம். உள்ளே ஆரஞ்சு நிறமுள்ள கிழங்கில்தான், உடம்பில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின் என்ற சத்து அதிகம். துளி எண்ணெயோ வெண்ணெயோ சேர்த்தால் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: "சத்து நிறைந்தது" என்று அச்சிட்ட சூப் பாக்கெட்டுகளை நம்பலாமா?

பதில்: பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். சோள மாவும் உப்பும் முன்னால், காய்கறி கடைசியில் என்றால் முன்பக்க வாசகத்துக்கு மதிப்பில்லை. சோடியம் அளவை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும். ஒரு கோப்பைக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட் எத்தனை பேருக்கு என்பதையும் பாருங்கள். இருவருக்கானதை ஒருவரே குடித்தால் அந்தக் கணக்கு இரட்டிப்பாகும்.

கேள்வி: புதிதாக வாங்கிய கேரட் ஒரு வாரத்தில் கசக்கிறதே?

பதில்: பக்கத்தில் ஆப்பிள் இருக்கிறதா பாருங்கள். பழுக்கும் ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு கேரட்டைக் கசக்க வைக்கும். இரண்டையும் தனித்தனியாக வைத்தால் போதும்.