ஓசி டிக்கெட்டும் காசி டிக்கெட்டும்

கேள்வி: எங்களுக்குத் தாராபுரத்தில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை. மதியம் இரண்டு முதல் ஐந்து வரை கடையில் நான்தான் இருப்பேன், கலர் மிஷினும் நான்தான் ஓட்டுவேன். இந்த வருஷம் டீலர் ஸ்கீமில் டார்கெட்டை முடித்ததற்காக, கம்பெனி எங்கள் இருவருக்கும் ஆறு நாள் நியூயார்க் டூர் கொடுத்திருக்கிறது. வேண்டாம் என்றால் ஒரு தொகையைக் கிரெடிட் நோட்டாக, அதாவது சரக்குக் கணக்கில் கழித்துக்கொள்ளும் வரவாக, தருவார்களாம். வீட்டுக்காரர் துள்ளிக் குதிக்கிறார். எனக்கு ஆசையே வரவில்லை. வயது 52, முட்டி வலி வேறு. 26 வருஷமாகக் காசிக்குக் கூட்டிப் போங்கள் என்று கேட்கிறேன். கடையை யார் பார்ப்பது என்பார். இப்போது மட்டும் கடை தானாக நடக்குமா? மகள், நாத்தனார், பக்கத்துக் கடைக்காரர் எல்லோரும் 'ஓசியில் அமெரிக்கா கிடைக்குது, உனக்கென்ன கசக்குதா?' என்று சிரிக்கிறார்கள். நான் போகத்தான் வேண்டுமா?
- பெயர் வேண்டாம், தாராபுரம்

பதில்: அன்புள்ள தாராபுரம் சகோதரிக்கு,

பிடிக்கவில்லை என்றால் போக வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களைச் சுற்றி இருப்பவர்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அமெரிக்கா என்றதும் எல்லோருக்கும் கால் தரையில் பாவாமல் போக வேண்டும் என்று சட்டமா என்ன? எங்கள் தெருவில் ஒரு பெரியவர், மகன் மூன்று தடவை கூப்பிட்டும், "அங்கே சாயங்காலம் உட்கார ஒரு திண்ணை இல்லையேப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். யாரும் அவரைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. ஆண்பிள்ளை என்பதாலோ என்னவோ.

ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நியூயார்க் பிடிக்கவில்லை என்று அதில் ஒரு வரிகூட இல்லை. முட்டி வலிக்கு அரை வரி கொடுத்திருக்கிறீர்கள். மிச்சமெல்லாம் காசி. அந்தக் கணக்கு தீராமல் நியூயார்க் என்ன, நிலாவுக்கே கூப்பிட்டாலும் உங்களுக்கு ருசிக்காது.

அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்த ஓசியைப் பார்த்துவிடலாம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் தபால்களில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று போட்டு இலவசமாக அனுப்பியதிலிருந்து வந்த சொல் இது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, உங்கள் விஷயத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. மார்கழி மாதம், பொங்கலுக்கு ஊரே வெள்ளையடிக்கிற நேரத்தில், பெயிண்ட் டப்பாவோடு வரும் பரிசு டோக்கனைக் கேட்டுப் பெயிண்டர்கள் வரிசையில் நிற்க, மதியச் சாப்பாட்டை மூன்றரை மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டே கலர் மிஷினை ஓட்டினீர்களே, அதன் கூலிதான் இந்த டிக்கெட். இரண்டாவது சீட்டு உங்கள் வீட்டுக்காரர் பெரிய மனது பண்ணிக் கொடுத்தது இல்லை. உங்கள் சீட்டு அது. நாத்தனாரிடம் இதைச் சொல்ல வேண்டாம், சண்டை வரும். நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

அரசாங்கமும் இதை ஓசி என்று ஒத்துக்கொள்வதில்லை. வியாபாரத்தில் கிடைக்கிற டூர், தங்கக் காசு, டிவி என்று எதுவானாலும் வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி, பிடிக்க வேண்டும் என்று 2022 ஜூலை முதல் விதி இருக்கிறது. 194ஆர் என்று சொன்னால் உங்கள் ஆடிட்டர் உடனே தலையாட்டுவார். டூராகக் கொடுக்கும்போது அதிலிருந்து பிடித்துக்கொள்ளப் பணம் இருக்காது. அதனால் சில கம்பெனிகள் அந்த வரியைத் தாங்களே கட்டிவிடும், சில கம்பெனிகள் டீலரைக் கட்டச் சொல்லும். யார் கட்டினாலும் டூரின் மதிப்பு உங்கள் கடை வருமானத்தோடு சேரும். பேச்சுக்கு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஆறு லட்சம் என்று கம்பெனி மதிப்புப் போட்டால், ஆறு லட்சம் சம்பாதித்ததாகத்தான் கணக்கு. கிரெடிட் நோட்டு சரக்குத் தள்ளுபடியாக வந்தால் கணக்கு வேறு மாதிரி. துள்ளிக் குதிக்கிறவரைக் கொஞ்சம் இறக்கி ஆடிட்டரிடம் அனுப்புங்கள்.

அப்புறம் விசா. ஆளுக்கு 185 டாலர், நம் பணத்தில் 16,000 ரூபாய்க்கு மேல். கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. இதைக் கம்பெனி கட்டுகிறதா, நீங்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கைரேகை, போட்டோ எடுக்க ஒரு நாள், அப்புறம் சென்னை அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் தமிழிலேயும் கேட்பார், பயப்பட வேண்டாம். என்ன தொழில், யார் செலவு, திரும்பி வர என்ன காரணம், அவ்வளவுதான். கடை நடத்துகிற பெண்மணிக்கு இதில் தடுமாற ஒன்றும் இல்லை. பயணக் காப்பீடு இல்லாமல் மட்டும் விமானம் ஏறாதீர்கள். அங்கே கால் இடறி ஆஸ்பத்திரிக்குப் போனால், ஓசி டூர் மொத்தமும் அந்த ஒரு பில்லில் போய்விடும்.

இனி ஊர்.

2018ல் நானும் ஒரு குழு டூரில் போனேன். நல்ல ஐப்பசிக் குளிர். ஏஜென்சி பேர் வேண்டாம், அவர்கள் பாவம் அவர்களோடு. காலை ஏழு மணிக்கு பஸ், ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிஷம், மதியம் மூன்று மணிக்கு ஒரு வடநாட்டு ஓட்டலில் பனீர். மறுநாளும் பனீர். டைம்ஸ் சதுக்கத்தில் கண்ணைக் கூசும் விளக்குகளுக்குக் கீழே எங்கள் ஆட்கள் கைடு பிடித்திருந்த கொடியைத் தேடி ஓடினதுதான் எனக்கு ஞாபகம். நம்மூருக்கும் அங்கேக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் வித்தியாசம். விடியற்காலை மூன்றுக்கு முழிப்பு, சாயங்காலம் நாலுக்குத் தூக்கம். நீங்கள் பயப்படுகிறது இந்த மாதிரி டூரை என்றால், பயம் நியாயம்தான்.

மூன்றாம் நாள் நான் பஸ் ஏறவில்லை. என்னோடு அறையில் தங்கியிருந்த திருச்சி அம்மாவும் வரவில்லை என்றுவிட்டார். இரண்டு பேரும் மன்ஹாட்டன் தென்கோடிக்குப் போய் ஸ்டேட்டன் ஐலண்டுக்குப் போகிற படகில் ஏறினோம். ஆரஞ்சு நிறப் படகு. வேலைக்குப் போகிற சனங்கள் காபியும் கையுமாக ஏறுவார்கள். இருபத்தைந்து நிமிஷப் பயணம், இரவு பகல் எந்நேரமும் ஓடும், 1997லிருந்து டிக்கெட்டே கிடையாது. அசல் ஓசி என்றால் இதுதான்! போகும்போது வலது கைப் பக்கம் நில்லுங்கள், சுதந்திர தேவி சிலை அந்தப் பக்கம்தான் வரும்.

பெயிண்ட் கடைக்காரரான உங்களுக்கு அந்தச் சிலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1886ல் திறந்தபோது அது பச்சை இல்லை, நம் வீட்டுச் செம்புக் குடம் மாதிரி பழுப்பு. மேலே போர்த்தியிருக்கிற செம்புத் தகடு இரண்டரை மில்லிமீட்டர்கூடக் கனம் இல்லை. உப்புக் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் களிம்பு ஏறிப் பச்சையானது. 1906ல், பார்க்க நன்றாக இல்லை, பெயிண்ட் அடித்துவிடலாம் என்று அரசாங்கம் பணம்கூட ஒதுக்கிவிட்டது. ஊர்க்காரர்கள் கூடவே கூடாது என்றார்கள். ராணுவ இன்ஜினீயர்கள் பார்த்துவிட்டு, இந்தக் களிம்புதான் செம்புக்குக் காவல் என்றார்கள். கடைசியில் உள்பக்கத்துக்கு மட்டும் பெயிண்ட். எத்தனை லிட்டர் ஆர்டர் கைநழுவிப் போயிருக்கும் என்று உங்கள் வீட்டுக்காரர் கணக்குப் போடுவார், பாருங்கள். கிரீடத்துக்குள் போக 162 படி, குறுகலான சுழல் படி. உங்கள் முட்டிக்கு அது வேண்டாம், படகே போதும்.

முட்டி என்றதும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் நடக்க வைக்கிற ஊர். பாதாள ரயில் 1904லிருந்து ஓடுகிறது, 472 ஸ்டேஷன், ராத்திரியெல்லாம் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் பழைய ஸ்டேஷன்கள், எத்தனையோ இடத்தில் லிப்ட் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். தெருவில் கஞ்சா வாடை வரும், மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான், அங்கே அதற்குச் சட்டமே அனுமதி கொடுத்துவிட்டது. ஓட்டலில் சாப்பிட்டால் பில்லில் வரி தனி, பரிமாறுகிறவருக்கு நூற்றுக்குப் பதினெட்டு இருபது டாலர் தனி. ஒரு தோசைக்கு இத்தனையா என்று மனதுக்குள் ரூபாயில் பெருக்காதீர்கள், தொண்டையில் இறங்காது.

தோசை வேண்டுமென்றால் வழி இருக்கிறது. 7ஆம் நம்பர் ரயில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் ஃப்ளஷிங். அங்கிருந்து பவுன் தெருவில் ஸ்ரீ மகா வல்லப கணபதி கோயில். 1977 ஜூலை 4ல் கும்பாபிஷேகம் ஆனது. அதைக் கட்ட முன்னால் நின்றவர் ஐ.நா. சபையில் வேலை பார்த்த அழகப்பா அழகப்பன், நம் ஆள். கீழ்த்தளத்தில் கேன்டீன். தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு சீனாக்காரப் பையன் கையால் பிய்த்துத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான், சட்னி இன்னும் கொஞ்சம் வாங்கலாமா என்று என்னைக் கேட்டான். அமெரிக்காவில் நான் பார்த்த எதையும்விட அந்தக் காட்சிதான் எனக்குப் பிடித்தது.

இன்னும் இரண்டே இடம் சொல்கிறேன். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் (புதன்கிழமை மூடியிருக்கும்) சோழர் காலப் பார்வதி ஒருத்தி நிற்கிறாள். பத்தாம் நூற்றாண்டு, இரண்டேகால் அடி உயரம்தான். இடுப்பை ஒடித்து, இடது கையை யானைத் துதிக்கை மாதிரி தொங்கவிட்டு நிற்பாள். பட்டுப்புடவை இல்லை, மாலை இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. திருச்சி அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உன்னை யாரும்மா இங்கே கூட்டியாந்தா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று புரூக்ளின் பாலம். 1883ல் திறந்தார்கள். கட்டிய இன்ஜினீயர் வாஷிங்டன் ரோப்ளிங், ஆற்றுக்கு அடியில் அஸ்திவார வேலையில் உடம்பு கெட்டுப் படுத்துவிட்டார். பத்து வருஷத்துக்கு மேல் அவர் மனைவி எமிலிதான் தளத்துக்கும் வீட்டுக்கும் நடந்து, கணக்கும் கற்று, வேலையை முடிக்க வைத்தார். எமிலி பேரில் பாலத்தில் ஒரு பலகை இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரை அதற்கு முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ எடுங்கள். காரணம் சொல்ல வேண்டாம்.

நானாக இருந்தால் போவேன். ஆனால் சம்மதம் சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை செய்வேன். ஆறு நாள் டூர், போக வர இரண்டு நாள், ஆக எட்டு நாள். இந்த எட்டு நாள் கடையை யார் பார்க்கிறார்கள் என்று அவரிடம் கேளுங்கள். கோபமாக இல்லை, சாதாரணமாக, சாப்பாடு பரிமாறும்போது. மச்சான் பையன் பார்த்துக்கொள்வான், கடைப்பையன் சாவி வாங்கிக்கொள்வான் என்று ஏதாவது ஒரு பதில் வரும். அந்தப் பதிலை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். எட்டு நாள் பார்க்கத் தெரிந்தவனுக்குக் காசிக்கு நாலு நாள் பார்க்கத் தெரியாதா? நியூயார்க் பாஸ்போர்ட் நகலைக் கம்பெனிக்கு அனுப்புகிற அன்றைக்கே காசிக்கும் டிக்கெட் போடச் சொல்லுங்கள். "போகலாம், போகலாம்" என்கிற வார்த்தையை 26 வருஷம் வாங்கியாயிற்று. தேதி போட்ட டிக்கெட் கைக்கு வரட்டும். முடிந்தால் காசி முதலில்.

அவர் அதற்கும் மழுப்பினால், உங்கள் சீட்டை மட்டும் கிரெடிட் நோட்டாக மாற்ற முடியுமா என்று ஏரியா சேல்ஸ் ஆபீசரிடம் நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். மாதத்தில் பத்து தடவை உங்களிடம்தானே ஆர்டர் எடுக்கிறார். மாறினால் அந்தப் பணத்தில் மகளையோ ஒரு சிநேகிதியையோ கூட்டிக்கொண்டு கங்கையில் முங்கிவிட்டு வாருங்கள். வீட்டுக்காரர் நியூயார்க்கில் பனீர் சாப்பிடட்டும்.

போவதாக முடிவானால், குளிருக்கு முன்னால், செப்டம்பர் அக்டோபர் தேதி கேளுங்கள். புது ஷூவை ஒரு மாதம் முன்னாலேயே வாங்கிக் கடைக்குள் போட்டுப் பழகுங்கள். பருப்புப் பொடி, ஊறுகாய்ப் பொட்டலம். அப்புறம் மறக்காமல் உங்கள் கடைக் கலர் கார்டு ஒன்று. படகு சிலைக்குப் பக்கத்தில் போகும்போது அந்தப் பச்சைக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். என்ன ஷேடு நம்பர் என்று எனக்கு எழுதுங்கள். திருச்சி அம்மாவுக்கும் எனக்கும் அன்றைக்கு இதில் ஒரு பந்தயம் வந்தது, இன்னும் தீரவில்லை.