மறு: செம்பனை எண்ணெய் ரயில் மேட்டில் நின்றுவிடுகிறது

கணினி ரயில் விளையாட்டில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து செம்பனை ஆலை வரை நீங்கள் கற்பனையாகப் போட்ட கிளைப்பாதையில், எண்ணெய் டாங்கி ரயில் பாதி மேட்டிலேயே சக்கரம் வழுக்கி நிற்கிறது என்கிறீர்கள். எஞ்சினை மாற்றிப் பயனில்லை. 250 மீட்டரில் 10 மீட்டர் ஏற்றியிருக்கிறீர்கள், அதாவது 25-க்கு 1. சரக்கு ரயிலுக்கு அது ரொம்பச் செங்குத்து. அதே உயரத்தை 1,000 மீட்டரில் ஏற்றிப் பாருங்கள். இடம் போதவில்லையா? குன்றின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோங்கள், தோட்டத்து மண்சடக்கு (மண்பாதை) வளைந்து போகுமே, அந்த மாதிரி. வளைவில் சக்கரம் உரசி இழுக்கும். அங்கே மட்டும் சரிவை இன்னும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

அப்புறம், விளையாட்டில் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர் என்று இருக்கிறதா பாருங்கள். நம்ம ஊர் கே.டி.எம். கம்பிச்சடக்கு (ரயில் பாதை) 1,000 மில்லிமீட்டர்தான்.

நீங்கள் வைத்த தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகள் அசல்! பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையைத்தான் காணோம்.