ஏடிஎச்டி மாத்திரை கொடுத்தும் கணக்கில் மார்க் ஏறவில்லை, டோஸைக் கூட்டலாமா?

கேள்வி: பாளையங்கோட்டை. மகன் 4-ஆம் வகுப்பு, ஏடிஎச்டி (கவனம் நிற்காத, துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு). காலையில் மெத்தில்ஃபெனிடேட் 10 மி.கி., இரண்டு மாதமாக. "இப்ப சேட்டையே இல்ல" என்கிறார் டீச்சர். ஆனால் காலாண்டுக் கணக்கில் அதே மார்க். டோஸைக் கூட்டச் சொல்லலாமா?

பதில்: மார்க்குக்காகக் கூட்டாதீர்கள். மாத்திரை பிள்ளையை உட்கார வைக்கும், எடுத்த கணக்கை முடிக்க வைக்கும். தெரியாத வகுத்தலைச் சொல்லித் தராது. அமெரிக்காவில் வில்லியம் பெல்ஹாம் குழு 7 முதல் 12 வயதுவரை 173 பிள்ளைகளிடம் செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து உள்ளபோது நிமிடத்துக்கு 37% கூடுதலாகக் கணக்குப் போட்டார்கள். புதுப்பாடம் கற்ற அளவோ மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். சாதாரண மாத்திரை அரை மணி, முக்கால் மணியில் பிடிக்கும். சுமார் நாலு மணி நேரத்தில் விட்டுவிடும். 8 மணிக்குப் போட்டால் 12-க்கு முடிந்தது. கணக்கு பீரியட் மதியமா? டியூஷன் சாயந்திரம் 6-க்கா? அப்படியென்றால் மருந்து இறங்கிய பிறகுதான் அவன் கணக்கே படிக்கிறான், பாவம். எந்த பீரியடில் கவனம் சிதறுகிறது என்று ஒரு வாரம் டீச்சரைக் குறிக்கச் சொல்லி, அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். மதியம் இன்னொரு வேளையா, 8 முதல் 12 மணி நேரம் நிற்கும் வகையா என்று அவர் முடிவு செய்வார். நீண்ட நேர வகையைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் கலந்துவிடும். சாயந்திரம் நீங்களாகக் கொடுத்தால் ராத்திரி தூக்கம் போய்விடும்.

டோஸ் கூடிப்போனால் பிள்ளை சிரிப்பில்லாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டு இருக்கும். வகுப்பில் அது 'நல்ல பிள்ளை' போலத் தெரியும். அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இட்லி சாப்பிட்ட பிறகே மாத்திரை. மருந்து பசியைக் குறைக்கும், மதியச் சாப்பாடு டிபன்பாக்ஸில் அப்படியே திரும்பலாம். திட்ட வேண்டாம், மருந்தின் வேகம் குறைந்ததும் பசி வரும், அப்போது வயிறாரக் கொடுங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். உயரம், பிரஷர், நாடித்துடிப்பை டாக்டர் பார்ப்பார்.

இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது கடும் கட்டுப்பாட்டோடு விற்கப்படும் பட்டியலில் உள்ளது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடையில் வைத்துக்கொள்வார்கள். எல்லா மெடிக்கலிலும் இருக்காது. தீருவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள்.

மார்க்குக்கு வழி வேறு. ஏடிஎச்டி பிள்ளைகள் பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். அதற்கான பரிசோதனையைக் கேளுங்கள். சனிக்கிழமையும் மாத்திரை உண்டென்றால், காலை 9 மணிக்கு 15 நிமிடம் உட்காருங்கள். 4-ஆம் வகுப்புப் புத்தகத்தை மூடிவிட்டு, கடன் வாங்கிக் கழித்தல் வருகிறதா என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள்.